காதர் பாயும் காணாமல் போன மோட்டாரும்

சண்முகவேல் கையில் என் நாவல் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு பக்கத்தில் விரலை நுழைத்து வைத்திருந்தார்.

எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான காட்சி கிடையாது. என் வயிறும் குளிர்ந்தது, அவர் அதை எதற்காகக் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிகிறவரை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். குடியிருப்போர் சங்கக் கூட்டம். மேலே யார் வீட்டிலோ இஞ்சியும் பூண்டும் வதங்குகிற வாசனை. கீழே, ஒரு வாரமாக லாரித் தண்ணீரில் குளித்த முகங்கள்.

போன ஞாயிறு மத்தியானம், எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. போல்ட்டுகள் பதமாகக் கழற்றப்பட்டு, வாஷர்களோடு ஓர் ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. தொழிற்பேட்டை ஊரின் திருடனுக்கும் ஒரு வேலைத்தரம் இருக்கத்தானே செய்யும்.

சண்முகவேல் சங்கத்தின் செயலாளர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு கம்பெனியின் டூல் ரூமில் மேற்பார்வையாளர். எழுந்து தொண்டையைச் செருமினார்.

“மோட்டாரை எடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு. நான் சொல்லல. காதர் பாய் சொல்லுதாரு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற காவலாளி முனிராஜும் பார்த்தார்.

ஒரு பேரிங் கடைக்காரர்

காதர் பாய் யாரென்று இந்தக் கட்டுரைத் தொடரைப் போன வாரம் தவறவிட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் என் துப்பறிவாளர். ஓசூர் கடைவீதியில் பேரிங் கடை வைத்திருக்கிறார். அதாவது, நான் வைத்துக்கொடுத்திருக்கிறேன். ஒரு பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தே அது இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் சுற்றிவிட்டுக் கேட்பார்.

நான் பகலில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். வாழ்நாளில் பாதியைப் பேரிங் வாங்கியே கழித்தவன் வேறு எந்தக் கடையை வைத்துக்கொடுக்க முடியும்?

காதர் பாயை வைத்துக்கொண்டு நான் கொல்லாத இடம் இந்தப் பக்கத்தில் பாக்கியில்லை. குருபரப்பள்ளி தாபாவில் ஒருவரைப் பரோட்டா வருவதற்குள் முடித்தேன். ஊத்தங்கரை போகிற பஸ்ஸில் இன்னொருவரை. சானமாவுக் காட்டில் ஒரு கொலையைச் செய்து, பழியை யானைமேல் போட்டேன். அந்தப் புத்தகத்துக்குத்தான் அதிகக் கண்டனம் வந்தது. யானை அப்படியெல்லாம் செய்யாதாம். மனிதன் செய்வான் என்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தொடர் நாவல் எழுதுவது கம்பெனி பஸ்ஸில் போவது மாதிரி. ஏறுகிற இடம் தெரியும், இறங்குகிற இடம் தெரியும், உட்காருகிற சீட்டும் அதேதான். ஆனாலும் தினமும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறோம். வாசகர் கேட்பதும் அவ்வளவுதான். பாதை மாறக்கூடாது, ஜன்னலில் மட்டும் புதிதாக ஏதாவது தெரிய வேண்டும். புதுமை என்று நினைத்துக்கொண்டு டிரைவர் ஒருநாள் பாகலூர் ரோட்டில் திருப்பினால் அடி விழும்.

காதர் பாய்க்கு வயதாவதில்லை. எனக்கு ஆகிறது. முதல் நாவலில் அவர் எனக்கு அண்ணன் மாதிரி இருந்தார். இப்போது தம்பி. போகிற போக்கைப் பார்த்தால் ஓய்வு பெற்றபின் நான் அவரை “வாப்பா, போப்பா” என்று கூப்பிடவேண்டி வரும். அவருடைய மகள் பல வருடங்களாகப் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறாள். பாவம், அவள் பெயிலாகவில்லை. நான்தான் பாஸ் போடவில்லை. அவள் கல்லூரிக்குப் போய்விட்டால், கடையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் துப்புக் கொடுக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

இதையெல்லாம் வாசகர்கள் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறார்கள். மூட்டுவலியை மட்டும் மன்னிப்பதில்லை. ஒரு நாவலில் இடது முழங்கால், அடுத்ததில் வலது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் போன் செய்து, “எந்தக் காலுங்க? தைலம் எந்தக் காலுக்குத் தேய்க்கிறதுன்னு அவுரு வீட்ல குழம்பிட மாட்டாங்களா?” என்று கேட்டார். கவலையோடுதான் கேட்டார்.

இரண்டு பக்கத்தில் பிறந்த முறை

சண்முகவேல் விரல் வைத்திருந்த பக்கத்துக்கு வருகிறேன்.

அது என் இரண்டாவது நாவல். கொலையாளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தேன். பதிப்பாசிரியர் போன் செய்து, “இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்கு. அதுக்குமேல சோப்பு விளம்பரம். முடிங்க” என்றார். தடயம் எதுவும் விதைக்காமல் அறுவடைக்கு நின்ற விவசாயியாக நான் திகைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ கல் தடுக்கித் தெலுங்கில் கத்தினார்கள். பிறகு போனை எடுத்துச் சுத்தமான தமிழில் “கிளம்பிட்டன், வழியிலதான் இருக்கன்” என்றார்கள். கிளம்பவே இல்லை. எதிரில் டீதான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது போதும். காதர் பாய் கொலையாளியைப் பார்த்து இப்படிச் சொன்னார்: “வலிச்சா தெலுங்குல கத்துறீங்க. கோவம் வந்தா தெலுங்குல திட்டுறீங்க. அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு கேட்டா மட்டும் தமிழுக்கு வர்றீங்க. உண்மை சொந்த வீட்டுல இருக்கும் தம்பி. பொய்தான் வாடகைக்குப் போகும்.”

கைது. சோப்பு விளம்பரம்.

வாசகர்கள் கொண்டாடிவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாவலிலும் யாராவது ஒருவர் பாஷை மாறி மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு தடவை அதை விட்டுப் பார்த்தேன். பதிப்பாசிரியர், “சாம்பார் வைக்காம இலை போட்ட மாதிரி இருக்கு” என்றார். அடுத்த தடவை ஊற்றினேன்.

தொடர் எழுதுகிறவனின் விசித்திரமான நிலைமை இது. அவசரத்துக்கு ஒட்டிய ஒட்டுதான் கடைசியில் வீட்டையே தாங்கும் தூணாகிறது. நாமே அதற்குக் கீழே நின்றுகொண்டு மேலே பார்க்கப் பயப்படுகிறோம்.

மூன்று பேர், மூன்று பதில்

சண்முகவேல் வாடகைப் பத்தியை உரக்கப் படித்து முடித்தார். கூட்டத்தில் பாதிப்பேர் வாடகைக்காரர்கள். நல்லவேளையாக யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இப்ப முனிராஜ் கதைக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை நான் அவன்கிட்ட கேட்டேன். தமிழ்ல ‘எனக்குத் தெரியாது சார்’னான். பொருளாளர் கேட்டிருக்காரு. தெலுங்குல சொல்லியிருக்கான். சுதா மேடம் கேட்டிருக்காங்க. கன்னடத்துல சொல்லியிருக்கான். ஒரே ஆளு, ஒரே விசயம், மூணு பாஷை! காதர் பாய்க்கு ஒண்ணே போதும். நமக்கு மூணு கெடச்சிருக்கு.”

பலர் தலையாட்டினார்கள்.

முனிராஜ் பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு. கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் பாஷையில் ஒரு வார்த்தை பேசாமல் விடமாட்டார். சண்முகவேலை “அண்ணாச்சி” என்று அவர் ஊர்க்காரர் மாதிரியே கூப்பிடுவார். மேல்மாடியில் இருக்கும் கன்னட ஆசிரியை சுதாவிடம், “திண்டி ஆய்த்தா மேடம்?” என்று காலை டிபனை விசாரிப்பார். மோட்டார் அறையை ஒட்டின சின்ன அறையில் மனைவியோடும் மகளோடும் இருக்கிறார். வேலை போனால் அந்த அறையும் போகும். திருட்டுப் பழியோடு அனுப்பினால் காவலாளி ஏஜென்சியும் வேறு இடத்தில் சேர்க்காது.

“ஒண்ணாந்தேதியிலிருந்து வேற ஆளு. சரிதானே?” என்றார் சண்முகவேல்.

“நான் தூங்கக்கூட இல்லீங்க. கேட்லதான் இருந்தன்,” என்றார் முனிராஜ். தமிழில்.

“பாத்தியளா! இப்பவும் தமிழ்!” என்றார் சண்முகவேல், தமிழில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கல்பனா என் காதருகே சாய்ந்தாள். “உங்க ஆளு ஒரு குடும்பத்தோட சோத்துல கை வைக்கிறாரு. எந்திரிச்சு ஏதாச்சும் சொல்லுங்க.”

எழுந்தேன். “சார், அது கதை. பக்கம் பத்தாம நான் கட்டிவிட்டது. அதை வெச்சு ஒருத்தர் வேலையை எடுக்கக் கூடாது.”

சண்முகவேல் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க எழுதுனவரு சார். உங்களுக்கு அது கதையாத்தான் தெரியும். படிக்கிறவங்களுக்குத்தான் அதுல உள்ள உண்மை தெரியும்.”

எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே ஆழமானது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது ரசிக்க முடியவில்லை.

காதர் பாயாக நடித்தது

என் பேச்சு எடுபடாது என்று புரிந்துவிட்டது. அந்த இடத்தில் மரியாதை காதர் பாய்க்குத்தான். எனவே அவரையே கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தேன். நாவலில் அவர் விசாரணையை ஆரம்பிக்கும்போது செய்வது. வட்டத்தில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“பூட்டு உடையலை. அப்ப சாவியாலதான் திறந்திருக்கணும். சாவி எத்தனை?”

“ரெண்டு,” என்றார் சண்முகவேல் உற்சாகமாக. விசாரணை அவருக்குப் பிடித்துவிட்டது. “ஒண்ணு கேட்டுப் பக்கத்துல ஆணியில தொங்கும். தண்ணி லாரிக்காரன் வந்தா எடுக்கணும்லா? சங்கத்துல போட்ட தீர்மானம். இன்னொண்ணு ஏங்கிட்ட.”

“ஆணியில தொங்குறதை யார் வேணாலும் எடுக்கலாம். அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்க சாவி எங்க இருந்தது?”

சண்முகவேல் திடீரென்று நிமிர்ந்து நின்றார்.

“சீ... ஆக்சுவலி, பேசிக்கலி, தி கீ வாஸ் இன் மை கஸ்டடி ஒன்லி. ஜஸ்ட் எ மைனர் டீவியேஷன் வாஸ் தேர்.”

மேலே குக்கர் ஒரு விசில் விட்டது. முதலில் சுதா மேடம்தான் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் பின்வரிசையில் ஒருவர், “காதர் பாய்!” என்றார் மெதுவாக. அவ்வளவுதான், கூட்டம் சிரித்துத் தீர்த்தது.

சண்முகவேலின் மனைவி செல்வி பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். “என்னத்துக்கு இப்ப இங்கிலீசு? ஸ்கூட்டர் சாவிக்கொத்தோட சேத்து மச்சினன்கிட்ட குடுத்தேன், அவன் அத்திப்பள்ளிக்குப் போயிட்டு சாயங்காலந்தான் வந்தான்னு சொல்லிட்டுப் போவியளா!”

அத்திப்பள்ளி, எல்லைக்கு அந்தப்பக்கம், கர்நாடகத்தின் முதல் ஊர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் மைத்துனர் அங்கே எதற்குப் போவார் என்று ஓசூரில் யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் போட என்று சொன்னால் நம்பிக்கொள்வது ஊர் வழக்கம். எங்கள் செயலாளர் இரண்டு கூட்டங்களுக்கு முன்புதான் மது ஒழிப்பைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்.

“சாவி அத்திப்பள்ளியில இருந்திருக்கு. அதனால நீங்க எடுக்கலை சார்,” என்றேன். “ஆனா பாஷை மாறினீங்க. என் புத்தகப்படி உங்களைத்தான் நான் பிடிக்கணும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “கூச்சமா இருந்துச்சு சார். நாலு பேரு முன்னால...”

“அதான் சார். நீங்க கூச்சத்துல மாறினீங்க. முனிராஜ் அதுக்கும் மாறலை. சுதா மேடம் கன்னடத்துல கேட்டாங்க, கன்னடத்துல சொன்னாரு. பொருளாளர் தெலுங்குல கேட்டாரு, தெலுங்குல சொன்னாரு. நீங்க தமிழ்ல கேட்டீங்க, தமிழ்ல சொன்னாரு. கேட்டவங்க பாஷையில பதில் சொல்றதுக்கு இந்த ஊர்ல மரியாதைன்னு பேரு.”

சண்முகவேல் கையிலிருந்த நாவலைப் பார்த்தார். அதை மூட மனமில்லாதவராக விரலை இன்னும் எடுக்காமலே வைத்திருந்தார்.

“அப்ப காதர் பாய் சொன்னது தப்பா?”

அந்தக் கேள்வியில் நிஜமான வேதனை இருந்தது. வட்டத்திலிருந்த எல்லா முகங்களிலும் அதே கேள்வி. மோட்டார் போனதற்குக்கூட அவர்கள் அப்படி வருத்தப்படவில்லை. ஆமாம் என்று சொன்னால் இத்தனை வருடத் தொடர் அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே முடிந்துபோகும். இல்லை என்று சொன்னால் முனிராஜ் போக வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“காதர் பாய் தப்புப் பண்ண மாட்டாரு. நீங்கதான் சார் தப்பா எழுதிட்டிய.”

கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. தீர்மானம் நிறைவேறியது: முனிராஜ் மேல் நடவடிக்கை இல்லை. எழுத்தாளர் இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு

துப்பறியும் கதை எழுதுகிறவனாக இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மோட்டார் கிடைக்கவே இல்லை. புது மோட்டார் வாங்கிச் சங்கிலி போட்டுக் கட்டினோம். பழையதை யார், எப்படி, எந்த வண்டியில் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காதர் பாயிடம் கேட்டிருந்தால் இரண்டு பக்கத்தில் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

முனிராஜின் வேலை தப்பியது. வேறொன்று தப்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எல்லோரிடமும் தமிழில் மட்டும்தான் பேசினார். அதுவும் அளந்து. தெலுங்கில் கேட்டால் தமிழ். கன்னடத்தில் கேட்டால் தமிழ். “அண்ணாச்சி” போய் “சார்” வந்தது. ஒருநாள் சுதா மேடம் தானாகவே “திண்டி ஆய்த்தா முனிராஜண்ணா?” என்று கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டு “ஆச்சு மேடம்” என்றார். சுதா மேடம் படியேறி வந்து என்னிடம் சண்டைபோட்டார். “ஏனு சார் இது? எனக்கு இந்த பில்டிங்ல கன்னடம் பேச இருந்ததே அவர் ஒருத்தர். உங்க பாய் வந்து அதையும் கெடுத்துட்டார்.”

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு நாவல் எழுதினேன். அதில் காதர் பாய் முதல்முறையாகத் தவறான ஆளைப் பிடிக்கிறார். பதிப்பாசிரியர் அலறினார். “ஹீரோ தப்பு பண்ணா தொடர் படுத்துரும் சார்!” பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பிடிக்கப் போகிற கடைசி நிமிடத்தில் காதர் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்கிறார்: “இவர் எந்த பாஷையில பதில் சொன்னாருன்னு எல்லாரும் சொல்றீங்க. நீங்க எந்த பாஷையில கேட்டீங்க?”

எழுதி முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாவலில் பதிலை மட்டும் சுற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், கேள்வியைக் காதோரம் வைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பதில் இது: அவருக்கு வயதாகாவிட்டாலும் சில சமயம் ஏதோ புத்தி வருகிறது.

சண்முகவேல் படித்துவிட்டு மாடிப்படியில் என்னை நிறுத்தினார். “இப்பத்தான் சரியா எழுதியிருக்கிய. காதர் பாய் முதல்லருந்தே இதைத்தான் கேட்டிருப்பாரு. நீங்க விட்டுட்டிய.”

முனிராஜ் மட்டும் மாறவில்லை. அவர் நாவல் படிப்பவரும் அல்ல.

காலைச் செய்தி

பனி இறங்குகிற மாதத்தில் ஒருநாள் காலை. அலுவலகத்துக்குக் கிளம்பிக் கீழே இறங்கினேன். கேட்டில் முனிராஜின் சத்தம். பல மாதமாகக் கேட்காத சத்தம்.

“மேடம், மேடம்! ஆனெ பந்திதே!”

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த சுதா மேடம் அப்படியே நின்றுவிட்டார். யானை வந்திருக்கிறது. சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய தக்காளித் தோட்டத்தில் நிற்கிறதாம். பால்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். முனிராஜ் கைகளை அகல விரித்துக் கன்னடத்தில் யானையின் காதுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகள் கீழே இறங்கின. “யானைங்க சார்,” என்றார் தமிழில், சுருக்கமாக.

எனக்குத் தெலுங்கு வராது. வராது என்பது கேட்பவர்களின் கருத்தும்கூட. இருந்தாலும் கேட்டேன். “ஏனுகுலு என்னி வச்சினாயி முனிராஜ்?”

எத்தனை வந்திருக்கின்றன என்று கேட்டதாக நினைத்தேன். என் உச்சரிப்பில் யானைகள் என்ன பாடுபட்டனவோ, முனிராஜ் என்னை உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ரெண்டு சார். ஒக சின்ன பில்ல கூடா உந்தி!” ஒரு குட்டியும் இருக்கிறதாம். அப்படியே கைகளை மறுபடி விரித்து, இரண்டும் எப்படிக் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு நிற்கின்றன என்று தெலுங்கில் காட்ட ஆரம்பித்தார்.

படியில் செருப்புச் சத்தம். டிபன் கேரியரோடு சண்முகவேல் இறங்கி வந்தார். அவர் கம்பெனிக்குப் போவதும் ராயக்கோட்டை ரோட்டில்தான்.

முனிராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. சுதா மேடம் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

முனிராஜ் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, “அண்ணாச்சி,” என்றார். “ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் போவாதீங்க. ஆனை நிக்குது.”

சண்முகவேல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். படியில் வரும்போதே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. டிபன் கேரியரைக் கொக்கியில் மாட்டினார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

“மூணு பேருக்கு மூணு பாஷையில சொல்லுதான்,” என்றார் என்னிடம். “நெசமாத்தான் இருக்கும் சார்.”

கேட்டைத் தாண்டி வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினார்.